மரங்களுக்கும் வம்சாவளி உண்டு

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் பெரிய கடைத்தெருவுக்குச் சம்பிகே சாலை என்று பெயர். கன்னடத்தில் சம்பிகே என்பது நம் செண்பகம்தான். பழைய தாவரவியல் நூல்களைப் புரட்டினால் அந்த மரம் மிக்கேலியா சம்பகா என்ற பெயரில் இருக்கும். இன்றைய நூல்களில் அது மக்னோலியா சம்பகா. கப்பன் பூங்காவில் மழை ஓய்ந்த நவம்பர், டிசம்பர் வாக்கில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் மரத்தையும், பிப்ரவரி, மார்ச்சில் நகரமெங்கும் பூக்கும் மரத்தையும் பெங்களூர்க்காரர்கள் டபேபுயா என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். பின்னால் பூப்பது இன்றும் டபேபுயா ரோசியாதான். முன்னால் பூப்பதோ ஹாண்ட்ரோயாந்தஸ் என்ற வேறொரு பேரினத்துக்குப் போய்விட்டது.

இப்படிப் பெயர்களை மாற்றிக்கொண்டே இருந்தால் எப்படிப் படிப்பது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வனத்துறையினரும் சித்த மருத்துவர்களும் நாற்றுப்பண்ணைக்காரர்களும் அதையே கேட்கிறார்கள். அவர்களுடைய சலிப்பு நியாயமானது. ஆனாலும் கடந்த முப்பது ஆண்டுகளில் தாவர வகைப்பாடு அடைந்த மாற்றம் வெறும் பெயர் விளையாட்டு அல்ல. ஒரு செடியைப் பற்றி இதுவரை யாரும் சோதித்தறியாத ஒன்றை முன்கூட்டியே ஊகிக்கும் திறனை அது நமக்குத் தந்திருக்கிறது. அதற்கான நல்ல சான்றுகளில் ஒன்று பெங்களூரிலேயே கிடைத்தது.

நாம் இழக்கத் தயங்கும் பழைய ஒழுங்கு எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியத் தாவரவியல் ஏறத்தாழ முழுவதும் ஜார்ஜ் பெந்தம், ஜோசப் ஹூக்கர் இருவரின் முறையில் வளர்ந்தது. அவர்களுடைய ‘ஜெனரா பிளாண்டாரம்’ 1862 முதல் 1883 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அந்த ஒழுங்கிலேயே ஹூக்கர் பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களை ஏழு தொகுதிகளில் 1872 முதல் 1897 வரை எழுதி முடித்தார். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூலும் (1915 – 1936) அந்த வழியில்தான் சென்றது. 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாக மாறிய லால்பாக்கும் கியூ தோட்டத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர்களின் கையில் வளர்ந்தது. நம் கல்லூரிகளின் உலர்தாவரத் தொகுப்புகள் பலவற்றிலும் அலமாரித் தட்டுகள் இன்றும் பெந்தம் – ஹூக்கர் வரிசையில்தான் இருக்கின்றன.

இதில் வியப்பான ஒன்று உண்டு. டார்வினின் நூல் 1859இல் வந்துவிட்டது. உண்மையான வகைப்பாடு என்பது வம்சாவளியாகவே இருக்க முடியும் என்று அவர் அதில் வாதிட்டிருந்தார். ஹூக்கர் அவருடைய மிக நெருங்கிய நண்பர். அப்படியிருந்தும் பெந்தமும் ஹூக்கரும் கட்டிய முறை வம்சாவளி முறை அல்ல. பூ, காய், சூலகம் ஆகியவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளை வைத்து அடுக்கிய முறை. பூவே இல்லாத சைகஸையும் பைனையும் இருவிதையிலைத் தாவரங்களுக்கும் ஒருவிதையிலைத் தாவரங்களுக்கும் நடுவே வைத்தார்கள். பூக்கும் தாவரங்களின் குடும்பத்தை இரண்டாகப் பிளந்து அந்நியரை இடையில் உட்கார வைத்ததற்குச் சமம் அது. ஆயினும் அவர்கள்மீது எனக்கு மதிப்பு குறையவில்லை. ஒவ்வொரு பேரினத்தையும் கூடுமானவரை மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்தே விவரித்தார்கள். அந்த விவரணையின் துல்லியம்தான் அந்த முறையை நூற்றைம்பது ஆண்டுகள் வாழ வைத்தது.

கர்நாடகத்தில் அந்தத் துல்லியத்தின் மரபைத் தொடர்ந்தவர் செசில் சல்தானா. இயேசு சபைத் துறவி. பெங்களூர் செயின்ட் ஜோசப் கல்லூரியில் தாவரவியலாளர். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த டான் நிக்கல்சனுடன் சேர்ந்து ஹாசன் மாவட்டத் தாவரங்களைப் பற்றி 1976இல் அவர் வெளியிட்ட நூல் இந்திய மாவட்டத் தாவர நூல்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. கர்நாடகத் தாவரங்களின் முதல் தொகுதி 1984இலும் இரண்டாம் தொகுதி 1996இலும் வந்தன. அவரும் உடனிருந்தவர்களும் சேகரித்து அழுத்தி உலர்த்தி ஒட்டிய மாதிரிகள் இப்போது இந்திய அறிவியல் நிறுவனத்தின் சூழலியல் மையத்தில் இருக்கின்றன. அந்தத் தொகுப்பின் பன்னாட்டுக் குறியீடான ஜேசிபி என்ற மூன்றெழுத்தில் பழைய கல்லூரியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வம்சாவளியை வகைப்பாட்டின் அடிப்படையாக்கும் வழியைத் தெளிவாக வகுத்தவர் பூச்சியியலாளரான வில்லி ஹென்னிக். 1950இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூலின் மையக் கருத்து எளிது. பெயர் பெறும் ஒவ்வொரு தொகுதியும் ஒரே மூதாதையிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த மூதாதையின் வழிவந்த யாரும் வெளியே விடப்பட்டிருக்கக் கூடாது. ஒற்றுமை இருந்தால் மட்டும் போதாது, ஏனெனில் உறவே இல்லாத செடிகள் ஒரே மாதிரியான சூழலில் ஒரே மாதிரியான வடிவம் பெறக்கூடும். வேற்றுமை இருப்பதாலும் உறவு அற்றுப்போவதில்லை.

செடிகளின் புற அமைப்பை மட்டும் வைத்து இதைச் சோதிப்பது கடினம். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் நுட்பம் வந்த பிறகே வழி திறந்தது. எல்லாப் பச்சைத் தாவரங்களின் பசுங்கணிகத்திலும் கரியமில வாயுவை உணவாக்கும் நொதிக்கான மரபணு ஒன்று உண்டு. எங்கும் இருப்பதால் ஒப்பிடலாம். மெல்ல மாறுவதால் பழைய உறவுகளின் தடயம் அழியாமல் இருக்கும். 1993இல் மார்க் சேஸ் உள்ளிட்ட 42 பேர் சேர்ந்து 499 விதைத் தாவரங்களின் அந்த மரபணுவை ஒப்பிட்டு ஒரு கிளைமரத்தை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1998இல் ஏபிஜி எனப்படும் பூக்கும் தாவர வம்சாவளிக் குழு தன் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. 2003, 2009 திருத்தங்களைத் தாண்டி 2016இல் வந்த நான்காம் பதிப்பு பூக்கும் தாவரங்களை 64 துறைகளாகவும் 416 குடும்பங்களாகவும் பகுக்கிறது. இதில் ஒரு பண்பாட்டு மாற்றமும் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். அதற்கு முன் ஒவ்வொரு வகைப்பாடும் ஒரு மேதையின் பெயரைத் தாங்கி நின்றது. இப்போது தரவும் முறையும் எல்லார் முன்னும் விரிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் மறுத்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது.

செண்பகத்தின் கதைக்கு வருவோம். மிக்கேலியாவில் பூ இலைக்கக்கத்தில் பூக்கும். மக்னோலியாவில் கிளை நுனியில் பூக்கும். இரண்டையும் பிரிக்க நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட காரணங்களில் இது முக்கியமானது. டிஎன்ஏ கிளைமரத்தில் மிக்கேலியா இனங்கள் மக்னோலியாக்களுக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளேயே ஒரு கிளையாக இருந்தன. மீண்டும் உற்றுப் பார்த்தபோது, கக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் பூவும் மிகக் குறுகிய ஒரு கிளையின் நுனியில்தான் இருக்கிறது என்று புரிந்தது. ஆகவே மிக்கேலியா, மக்னோலியாவோடு இணைந்தது. மரபணு சொன்னதைப் புற அமைப்பு பின்னர் ஒப்புக்கொண்ட இத்தகைய இடங்கள்தான் எனக்கு இந்த முறையின்மேல் நம்பிக்கை தருகின்றன.

டபேபுயாவில் நடந்தது இதற்கு நேரெதிர். 2007இல் சூசன் குரோஸும் ரிச்சர்ட் ஓல்ம்ஸ்டெடும் அந்தப் பேரினம் ஒரே மூதாதையின் வழி வந்தது அல்ல என்று காட்டி அதைப் பிரித்தார்கள். ஹாண்ட்ரோயாந்தஸின் மரம் மிகக் கனமானது, இரும்பு போல் உறுதியானது, லாபச்சால் என்ற வேதிப்பொருள் நிறைந்தது. எஞ்சிய டபேபுயாக்களின் மரம் இலேசானது. பூவின் நிறத்தில் மயங்கிய நம் கண்ணுக்குத் தெரியாத வேற்றுமையைத் தச்சரின் உளி எளிதாக உணர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நெருக்கமான மாற்றம் செங்காந்தளுடையது. நம் மாநில மலர் அது. உழவர்கள் சொல்லில் கண்வலிக்கிழங்கு. பெந்தம் – ஹூக்கர் முறையில் அது லில்லியேசி குடும்பம். அந்தக் குடும்பத்தில் யார் யாரெல்லாம் இருந்தார்கள் என்று பார்த்தால் திகைப்பு வரும். வெங்காயமும் பூண்டும் சோற்றுக்கற்றாழையும் தண்ணீர்விட்டான் கிழங்கும் அங்கேதான். ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள், மேல்நிலைச் சூலகம் என்ற பொதுத் தோற்றத்தால் ஒரே கூரையின் கீழ் வந்தவை இவை. வம்சாவளியில் இவை வேறு வேறு கிளைகள். வெங்காயமும் பூண்டும் அமரில்லிடேசிக்கும், கற்றாழை அஸ்ஃபோடெலேசிக்கும், தண்ணீர்விட்டான் அஸ்பராகேசிக்கும் போயின. நீலகிரியின் மலைச்சரிவுகளில் வெண்ணிறக் குழலாகப் பூக்கும் நீலகிரி லில்லி மட்டும் லில்லியேசியிலேயே தங்கியது. செங்காந்தள் கோல்ச்சிகேசிக்குச் சென்றது.

கோல்ச்சிகேசி என்ற பெயர் ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கோல்ச்சிகம் என்ற சிறு செடியிலிருந்து வந்தது. நெடுங்காலமாக மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகப் பயன்படும் கோல்ச்சிசின் அதன் கிழங்கில் இருக்கிறது. அதே கோல்ச்சிசினுக்காகத்தான் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களின் உழவர்கள் பந்தல் போட்டுச் செங்காந்தள் வளர்த்து விதையை விற்கிறார்கள். கொடியாக ஏறித் தீச்சுடர் போல் பூக்கும் ஒன்றும், நிலத்தை ஒட்டி இளம் ஊதாவாகப் பூக்கும் இன்னொன்றும் ஒரே நஞ்சைச் சுமக்கின்றன. லில்லியேசி என்ற பழைய பெட்டிக்குள் இந்த உறவு புதைந்து கிடந்தது. வெங்காயத்தில் யாரும் கோல்ச்சிசினைத் தேடுவதில்லை. கோல்ச்சிகேசியில் தேடினால் பலன் உண்டு. வகைப்பாடு தேடலுக்கு வழிகாட்டும் என்பதன் பொருள் இதுதான்.

பெங்களூரில் இதை ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். காம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்பு வேதிப்பொருளை 1966இல் சீனாவைத் தாயகமாகக் கொண்ட காம்ப்டோதெகா மரத்திலிருந்து மன்ரோ வாலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்தார்கள். இரினோடெகான், டோபோடெகான் என்ற இன்றைய மருந்துகளுக்கு அதுவே மூலம். 1972இல் டி.ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதன் ஆகிய இருவரும் அதே பொருளை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறுமரத்தில் கண்டார்கள். சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து பின்னர் பம்பாயில் ஆய்வகம் நடத்திய அதே கோவிந்தாச்சாரிதான். அன்று மாப்பியா ஃபோட்டிடா என்ற பெயரில் இருந்த அந்த மரத்துக்கு இன்று நோத்தாபோடைட்டஸ் நிம்மோனியானா என்று பெயர். சீன மரத்தைவிட இதில் காம்ப்டோதெசின் அதிகம். அதுவே அதற்கு வினையாகவும் ஆனது. வெட்டி எடுக்கும் வேகத்தில் மலைச்சரிவுகளில் அந்த மரம் அருகிப்போனது.

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உமா சங்கர், ரவிகாந்த் ஆகியோரைக் கொண்ட குழு இந்தச் சிக்கலை வம்சாவளி வழியாக அணுகியது. நோத்தாபோடைட்டஸின் சொந்தங்களிலும் இந்தப் பொருள் இருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சொந்தங்கள் யார் என்று சொல்லத்தான் வகைப்பாடு தேவைப்பட்டது. ஹூக்கரின் இந்தியத் தாவர நூல் இந்த மரத்தை ஒலாசினி என்ற பெருங்குடும்பத்தின் ஒரு மூலையில் வைத்திருந்தது. பின்னர் அது இக்காசினேசி என்ற தனிக்குடும்பம் ஆனது. அந்தக் குடும்பமும் ஒட்டுப்போட்ட கூட்டம் என்று தெரிந்து, 2001இல் யெஸ்பர் கோரேஹெட் அதைப் பல குடும்பங்களாகப் பிரித்தார். மிக்கேலியா என்ற பெயரோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மிக்குவேலியா டென்டாட்டா என்ற கொடியும், கோரமண்டல் கரைக் காடுகளில் வளரும் பைரனகாந்தா வோலுபிலிஸ் என்ற கொடியும் நோத்தாபோடைட்டஸோடு அதே இக்காசினேசியில் நிலைத்தன. பெங்களூர்க் குழு அவற்றைச் சோதித்தபோது இரண்டிலும் காம்ப்டோதெசின் நிறையவே இருந்தது. பைரனகாந்தாவைப் பற்றிய கட்டுரை 2014இல் வெளிவந்தது. நம் கடற்கரையோரப் புதர்க்காட்டில் யாரும் பொருட்படுத்தாமல் படர்ந்திருக்கும் ஒரு கொடி, மலை மரம் ஒன்றின் சுமையை இறக்கி வைக்கக்கூடும் என்று இதனால் தெரிந்தது. மரத்தை வெட்டாமல் கொடியின் காயையும் விதையையும் நம்பும் வழி திறந்தது.

ஆனால் உறவு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. காம்ப்டோதெகா வேறு துறையைச் சேர்ந்தது. காப்பியின் குடும்பத்திலுள்ள ஓஃபியோரைசா செடியிலும் காம்ப்டோதெசின் உண்டு. கிளைமரத்தின் வேறு வேறு இடங்களில் ஒரே பொருள் தோன்றும்போது, அது தொலைதூர மூதாதையின் எச்சமா, தனித்தனியே மீண்டும் தோன்றியதா என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே கிளைமரம் வேண்டும்.

கடுகின் கதை இதைத் தெளிவாக்கும். கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் காரத்துக்குக் குளுக்கோசினோலேட் என்ற பொருள் காரணம். அதையும் அதை உடைக்கும் நொதியையும் செடி வேறு வேறு அறைகளில் வைத்திருக்கும். நசுங்கும்போது இரண்டும் சேர்ந்து காரநெய் பிறக்கும். முருங்கை வேரின் காரமும் பப்பாளி விதையின் உறைப்பும் இதே வேதியியல்தான். மாவிலங்கத்திலும் தைவேளையிலும், மிஸ்வாக் குச்சி தரும் உகா மரத்திலும் இது உண்டு. பெந்தம் – ஹூக்கர் முறையில் கடுகு ஓரிடம், பப்பாளி பூனைப்பிடுக்குக் கொடியின் குடும்பத்தில், முருங்கை மாவின் குடும்பத்துக்கு அடுத்து எங்கும் பொருந்தாத ஒன்றாக, உகா மல்லிகைக் குடும்பத்தின் அண்டையில். வேதியியலை நம்பி இவற்றை ஒன்றாகச் சேர்க்கலாம் என்று ரால்ஃப் டால்கிரன் 1975இல் சொன்னபோது ஏற்றவர்கள் குறைவு. தொண்ணூறுகளில் மரபணு ஆய்வுகள் அவர் சொன்னது சரி என்று காட்டின. இன்று இவை யாவும் பிராசிகேல்ஸ் என்ற ஒரே துறை. ஆனால் புத்திரசீவி மரத்தின் குடும்பத்திலும் இதே காரப்பொருள் இருக்கிறது. அது ஆமணக்கு இருக்கும் துறையைச் சேர்ந்தது. பிராசிகேல்ஸோடு அதற்கு நெருக்கம் இல்லை. இயற்கை இந்த வேதியியலை இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறது. வேதியியலை மட்டும் நம்பியிருந்தால் அதையும் தவறாக உள்ளே சேர்த்திருப்போம்.

தாமரையும் சிக்கமகளூர், குடகு காப்பித் தோட்டங்களின் நிழல் மரமான சில்வர் ஓக்கும் ஒரே துறை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், கேட்பவர் நம்பத் தயங்கினாலும். அல்லிக்கும் தாமரைக்கும் உள்ள ஒற்றுமை நீர்வாழ்வு தந்த ஒற்றுமை. அல்லி பூக்கும் தாவரங்களின் அடிமரத்தை ஒட்டி முதலில் பிரிந்த கிளைகளில் ஒன்று. ஆயினும் தாமரையும் சில்வர் ஓக்கும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்னரே பிரிந்தவை என்பதால், இந்த உறவிலிருந்து மருந்தையோ பயனையோ எதிர்பார்ப்பது அளவுக்கு மீறியது.

பெயர் மாற்றத்தின் விலையை நாம் நேரடியாகக் கொடுக்கும் இடம் கருவேலமும் சீமைக்கருவேலமும். சீமைக்கருவேலத்தை அரசாணைகளும் நீதிமன்ற ஆணைகளும் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்றே குறிக்கின்றன. நம் கோயில்களின் தலமரமும் மைசூர் தசராவில் வணங்கப்படுவதுமான வன்னி, புரோசோபிஸ் சினரேரியா. ஊரையே வறட்சியில் தள்ளுவதாகப் பழிக்கப்படும் ஒன்றும், விருத்தாசலம் கோயிலில் வழிபடப்படும் ஒன்றும் உடன்பிறப்புகள் என்று தாவரவியல் சொல்லிவந்தது. 2022இல் காலின் ஹியூஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட திருத்தம் அதை மறுத்தது. 997 மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வின் அடிப்படையில் பழைய புரோசோபிஸ் மூன்று தனித்தனி வழிமரபுகள் என்று உறுதியானது. வன்னியும் அதன் இரு சொந்தங்களும் மட்டுமே இப்போது புரோசோபிஸ். இந்திய – நேபாளப் பகுதிக்கே உரிய இந்தோபிப்டடீனியா என்ற அரிய மரம் அவற்றுக்கு நெருங்கிய உறவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம் நெல்டூமா ஜூலிஃப்ளோரா ஆனது. முள்ளின் அமைப்பை வைத்து 1976இலேயே அர்ஜென்டினாவின் புர்க்கார்ட் செய்த உட்பிரிவுகளும் இதே கோடுகளில்தான் ஓடின.

உள்ளூர்க் கருவேலத்தின் கதையில் அறிவியலோடு வாக்கெடுப்பும் கலந்தது. பழைய அகேசியா பேரினத்தில் கருவேலம், காசுக்கட்டி மரம், சீயக்காய், நீலகிரியை மூடிய கறுப்பு வாட்டில், கர்நாடகத் தோட்டக்காடுகளின் அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ் எல்லாமே அடங்கின. அது ஒரே வழிமரபு அல்ல என்று தெரிந்ததும் பிரிக்க வேண்டியதாயிற்று. பெயரிடல் விதிப்படி, பேரினம் பிரிந்தால் பழைய பெயர் வகைமாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட இனம், இருக்கும் கிளைக்கே சேரும். அகேசியாவின் வகைமாதிரி கருவேலம். ஆக அகேசியா என்ற பெயர் நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியதாக இருந்திருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் பெயர் மாற வேண்டியிருக்கும் என்பதால், வகைமாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்ற 2003இல் முன்மொழிந்தார்கள். 2005இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் அதை எதிர்த்தார்கள். இருந்தும் அதை ஏற்கச் சொன்ன பெயரிடல் குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு அறுபது விழுக்காடு தேவை என்ற விதியால் முன்மொழிவு நிலைத்தது. 2011 மெல்போர்ன் மாநாடு அதை உறுதி செய்தது. கருவேலமும் வெள்வேலமும் வாச்செலியா ஆயின. காசுக்கட்டி மரமும் சீயக்காயும் செனகாலியா ஆயின. பேரினத்தைப் பிரித்தது அறிவியலின் தீர்ப்பு, அதில் எனக்கு ஐயமில்லை. பெயர் யாருக்கு என்ற முடிவில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் குரல் போதிய எடை பெறவில்லை என்பதே என் கருத்து.

பிரிவு சரிதானா என்று வயலோரத்திலேயே பார்க்கலாம். கருவேலத்தில் இலைக்காம்படியில் இரண்டிரண்டாக நேரான வெண்முள் நிற்கும். சீயக்காயில் அப்படி இணைமுள் இல்லை. தண்டெங்கும் வளைந்த சிறு கொக்கிகள் பற்றி இழுக்கும். ஆரிகுலிஃபார்மிஸில் முள்ளே இல்லை; இலை போலத் தெரிவது தட்டையான காம்பு.

எல்லாப் பெயர் மாற்றமும் வம்சாவளியின் விளைவு அல்ல என்பதையும் தெளிவாக்க வேண்டும். துளசி ஆசிமம் சாங்க்டமிலிருந்து டெனுயிஃப்ளோரம் ஆனது, முன்னால் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்ற விதியால். உறவு பற்றிய எந்தப் புதிய கண்டுபிடிப்பாலும் அல்ல. புங்கம் பொங்கேமியா, டெர்ரிஸ், மில்லெட்டியா என்று அலைந்து, இப்போது முக்கியத் தரவுத்தளங்களில் பொங்கேமியாவுக்கே திரும்பியிருக்கிறது. இத்தகைய அலைச்சல் மக்களின் நம்பிக்கையைக் குறைக்கிறது. இரண்டு வகை மாற்றங்களையும் வேறுபடுத்திச் சொல்லும் பொறுப்பு வகைப்பாட்டியலாளர்களுக்கு உண்டு.

மிளகு வளர்ப்போருக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரின் ஏட்ரீ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு தென்னிந்தியக் காட்டு மிளகு இனங்களின் தோற்றத்தையும் வம்சாவளியையும் பற்றிய ஆய்வை 2019இல் வெளியிட்டது. மிளகுக் கொடியை வாட்டும் வேரழுகலைத் தாங்கும் தென்னமெரிக்க இனம் ஒன்றை நம்மவர்கள் ஒட்டுக்கு அடித்தண்டாகப் பயன்படுத்துகிறார்கள். அது தூரத்து உறவு என்பதால் கலப்பினம் எளிதாக அமைவதில்லை. நெருங்கிய சொந்தம் எது, தொலைவானது எது என்று தெரிந்தால் தேட வேண்டிய காடு எது என்பதும் தெரியும்.

தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புத் தாவரவியல் நூலில் ஏபிஜி முறை இடம்பெற்றிருப்பது நல்ல தொடக்கம். அதைப் பெந்தம் – ஹூக்கருக்குப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பட்டியலாக்கி விடாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முருங்கை வேரையும் கடுகையும் பப்பாளி விதையையும் மாணவர் கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். பூங்காக்களில் பெயர்ப்பலகை எழுதுவோர் புதிய பெயரின் கீழே பழைய பெயரையும் எழுதுங்கள். அரசாணைகளிலும் மருந்து நூல்களிலும் இரண்டும் இருக்கட்டும். பெயர் மட்டும் மாறி இணைப்பு அறுந்தால் நூறாண்டு அறிவு தொலைந்துபோகும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் கிளைமரத்துக்கும் சான்று, எங்கோ ஓர் அலமாரியில் யாரோ ஒட்டிவைத்த உலர்ந்த கிளைதான். பெயர் சரியா என்று நாளை எவரேனும் சோதிக்க வேண்டுமானால் அதனிடம்தான் வர வேண்டும். டிஎன்ஏவைப் பெரும்பாலும் அதிலிருந்தே எடுக்கலாம். சல்தானாவின் மாதிரிகளுக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பு கிடைத்தது. பூச்சி அரித்துக் கிடக்கும் மற்றத் தொகுப்புகளுக்கும் ஒரு காப்பாளரை நியமியுங்கள். இடம் போதவில்லை என்று அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.